எல்.கே.ஜி.யா, அங்கன்வாடியா, வீடா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அங்கன்வாடி மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் பேரனை அவன் அப்பா அம்மா ஏழு வயது வரை பள்ளிக்கு அனுப்பவில்லை, அதற்காக அவர்களோடு மல்லுக்கு நின்றவளும் நான்தான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து: பையனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அங்கன்வாடியில் சத்துமாவும் முட்டையும்தான், படிப்பு இல்லை என்கிறார்கள். உண்மையா அக்கா?

பாதி உண்மை தம்பி. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-இல், அன்றைக்கு அதன் முதல் கவலையே பிள்ளைகளின் வயிறுதான். படிப்பும் திட்டத்தில் உண்டு, ஆனால் பிள்ளைக்கு எடை போடுவதும், கர்ப்பிணிகளைக் கவனிப்பதும், பதிவேடு எழுதுவதும், இப்போது போனில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியை நிரப்புவதும் எல்லாம் அதே ஒரு பணியாளர் தலையில்தான் விழுகிறது. நான் பார்த்த ஒரு மையத்தில் அந்தப் பெண் காலை முழுக்க போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நாலு தெரு தள்ளி இன்னொரு மையம். கொட்டாங்குச்சியில் புளியங்கொட்டை போட்டு எண்ணச் சொல்லியிருந்தார் டீச்சர், ஒரு குட்டி "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்று போக, பக்கத்தில் இருந்த பையன் "மூணு எங்கடி?" என்று கேட்டான். இதைவிட நல்ல கணக்கு வகுப்பை நான் பார்த்ததில்லை. அதனால் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காலை பத்தரைக்குப் போய் எட்டிப் பாருங்கள். தனியார் பள்ளிக்கும் இதையே செய்யுங்கள், உள்ளே விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

விழுப்புரத்திலிருந்து: அப்படியென்றால் படிப்புக்கென்று தனி ஆசிரியர் போடலாமே?

போட்டுப் பார்த்தார்களே! 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-இல் அதை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களைப் போட்டார்கள். ஐந்தாயிரத்துக்கு யார் எத்தனை நாள் நிற்பார்கள்? சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமை 6 முதல் 14 வயது வரைதான். 3 முதல் 6 வரை அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்றுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. பட்ஜெட்டில் கை வைக்க வேண்டி வந்தால் அந்த "லாம்" மேல்தான் முதலில் கை வைப்பார்கள்.

மதுரையிலிருந்து: கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் அரசே கட்டணம் கட்டும் 25 சதவீத இட ஒதுக்கீட்டை நம்பலாமா? 2025-இல் கோடை முழுக்க இணையதளத்தைத் திறந்து திறந்து பார்த்தேன்.

நீங்கள் மட்டும் இல்லை, எங்கள் தெருவிலேயே மூன்று வீடு. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை, அதனால் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தில் வரவேண்டிய மத்திய அரசு நிதி 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது, பள்ளிகளுக்குத் திருப்பித் தரவேண்டிய கட்டணமும் அதோடு மாட்டிக்கொண்டது. இந்த ஒதுக்கீட்டுக்கான பணத்தைப் புதிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சேர்க்கை நடந்தது அக்டோபரில், அதுவும் ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு. ஜூனிலேயே கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு எதற்கு என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி, எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-இல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். சிறுபான்மைப் பள்ளிகளில் இந்த ஒதுக்கீடு கிடையாது, இது தெரியாமல் அலைபவர்கள் நிறைய. வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், ஏப்ரலில் ஓடாதீர்கள்.

சேலத்திலிருந்து: மூன்று வயதுக் குழந்தைக்கு இன்டர்வியூ வைத்தார்கள், நன்கொடையும் கேட்டார்கள்.

இரண்டும் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 13. குழந்தைக்குத் தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 வரை. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொல்லிப் பயனில்லை.

சென்னையிலிருந்து: ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயதா, ஆறா?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஐந்து முடிந்தால் போதும். கேந்திரிய வித்யாலயாவில் ஆறு. மாற்றலாகிற வேலை என்றால் ஆறையே மனதில் வையுங்கள், ஒரு வருஷம் வீணாகிறது என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

கோவையிலிருந்து: நானும் கணவரும் ஹோம் ஸ்கூலிங் செய்ய நினைக்கிறோம். போலீஸ் கேஸ் ஆகுமா மேடம்?

ஆகாது தங்கச்சி. ஆறு வயது வரை எந்தச் சட்டமும் உங்களைக் கேட்காது. அதற்கு மேல், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஏ, பி, சி என்று மூன்று நிலை உண்டு, மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குச் சமம். அங்கே பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது. நடுவில் மனம் மாறினாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. என் பேரன் அப்படித்தான் இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான்.

சட்டம் பெரிய விஷயமே இல்லை. யார் வேலையை விடுவது என்பதை முதலில் பேசுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பேசாமலே மருமகள் விட்டாள், இரண்டாம் வருஷம் அது வெடித்தது. அப்புறம் பிள்ளைக்குத் தினமும் மற்ற பிள்ளைகள் வேண்டும். பேரன் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, பள்ளி வேனிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பான். நான் சண்டை போட்டதெல்லாம் அந்தக் கேட்டைப் பார்த்துத்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: நாலு வயதாகியும் எழுதவில்லை என்று மாமியார் திட்டுகிறார்.

விரலுக்குப் பலம் வரட்டும். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள், பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள், கோலத்துக்குப் புள்ளி வைக்க விடுங்கள். உரித்த பட்டாணியை எண்ணுகிற வேலையை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள்.