குளிர்காலம் முடிந்து படகை இறக்கினால் மோட்டார் சூடாகிறது: யாரைக் கேட்பது?

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோவின் பேரி நகரில் வசிக்கிறேன். சென்ற ஆகஸ்டில் தெரிந்தவர் மூலம் ஒருவரிடம் பழைய அலுமினியப் படகு ஒன்றை, 50 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாருடன் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) வாங்கினேன். அக்டோபர் வரை சிம்கோ ஏரியில் தொல்லை இல்லாமல் ஓடியது. குளிர்காலம் முழுவதும் வீட்டு ஷெட்டில் இருந்தது. மே மாத விக்டோரியா தின விடுமுறையில் இறக்கினால், பத்து நிமிடத்தில் எச்சரிக்கை ஒலி எழுந்து, வேகமும் தானாகவே குறைந்துவிட்டது. பின்புறத் துளையில் தண்ணீர் வருகிறது, ஆனால் நூல் போல. பழுதுபார்க்கும் கடையில், "எஞ்சின் போயிருக்கலாம், புது மோட்டார் வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: விற்றவரை விட்டுவிடுங்கள். ஒன்டாரியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிக்கும் நுகர்வோருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கானது. தனியாள் ஒருவர் தன் பழைய படகை விற்றதற்கு அது பொருந்தாது. குறையை மறைத்துப் பொய் சொல்லி விற்றார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அக்டோபர் வரை தொல்லை இல்லாமல் ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும் அவருக்கு.

கடைக்காரர் சொன்ன "போயிருக்கலாம்" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. எதைச் சோதித்துவிட்டு அப்படிச் சொன்னார்? கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளப்பது, செய்தாரா, ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன அளவு வந்தது என்று கேளுங்கள். எண்கள் கையில் இல்லாமல் புது மோட்டார் விற்க வருபவருக்குத் தலையசைக்க வேண்டாம். உங்கள் அறிகுறிகள் முதலில் காட்டுவது மலிவான ஒரு ரப்பர் பாகத்தை.

இந்த மோட்டாருக்குக் காரில் இருப்பதுபோல ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றவிட்டு, மீண்டும் ஏரிக்கே அனுப்புகிறது. உறிஞ்சும் வேலையைச் செய்வது அடிப்பகுதியில் உள்ள பம்பின் இம்பெல்லர், அதாவது ரப்பர் இறக்கைகள் கொண்ட சிறு சக்கரம். குறுகிய கூட்டுக்குள் இறக்கைகள் எப்போதும் மடிந்தே இருக்கும். ஆறேழு மாதம் அசையாமல் கிடந்தால் ரப்பர் அந்த மடிப்பிலேயே இறுகிப்போகும். வெளியே எடுத்தாலும் நிமிராது. தண்ணீர் வரும், ஆனால் தேவையான அளவு வராது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஏப்ரலில், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று தண்ணீர்க் குழாய் இணைக்காமல் ஷெட்டிலேயே ஒருமுறை ஸ்டார்ட் செய்தீர்களா? தண்ணீர்தான் அந்த ரப்பருக்கு மசகு. உலர்ந்த நிலையில் சில நொடிகள் சுற்றினாலே கருகிக் கிழியத் தொடங்கும்.

பம்பைக் கழற்றும் முன் செலவில்லாத இரண்டு வேலைகள் உண்டு. பின்புறத் துளையில் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூலை மெதுவாக விட்டுப் பாருங்கள். குளிர்காலத்துக்கு முன்பே குளவி அங்கே மண்கூடு கட்டியிருக்கலாம், சிலந்தி வலையும் இருக்கலாம். காய்ந்த மண் உதிர்ந்து, தண்ணீர் பலமாகப் பீய்ச்சினால் சந்தோஷப்படலாம், ஆனால் அரைச் சந்தோஷம்தான். அந்தத் துளைக்கு வருவது கிளைக்குழாய்த் தண்ணீர். எச்சரிக்கை ஒலி அடித்திருப்பதால் உள்ளேயும் ஏதோ குறை இருக்கிறது. அடுத்து, கீழே தண்ணீர் நுழையும் சல்லடையில் பாசி, பிளாஸ்டிக் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு இம்பெல்லர். எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியாவிட்டால் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். பழையதைக் கழற்றும்போது இறக்கைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒன்று முறிந்திருந்தால் அந்தத் துண்டு மேலே குழாயில் எங்கோ சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் அடுத்த வாரமே மீண்டும் ஒலி கேட்கும். அடிப்பகுதி எப்படியும் கழன்று வருவதால் கியர் ஆயிலையும் பார்த்துவிடலாம்: பால் கலந்த நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் அப்படியே விடக்கூடாது. சேமித்து வைத்த காலத்தில் துருவோ படிவமோ பிடித்து மூடியபடியே நின்றுவிடும். வெளியே எடுத்து, பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதிக்கும் முன்பே கண்ணெதிரே திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான். இவற்றையெல்லாம் முடிக்கும் வரை படகை ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒலி அடிக்க அடிக்க ஓட்டினால்தான் கடைக்காரர் சொன்னது உண்மையாகும்.

வேலையைக் கடையில் கொடுப்பதானால் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால், அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வசூலிக்க அதே 2002 சட்டம் இடம் தராது. கார் பழுதுக்கென்று தனி விதிகள் உண்டு, ஆனால் அவை படகுக்கும் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதை அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். முறிந்த இம்பெல்லரை அவர் காட்டினால், பழுது என்ன என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: நவம்பரில் விலை குறையும் என்று ஒரு பழைய அவுட்போர்டு பார்த்திருக்கிறேன். ஏரியில் இறக்கிக் காட்ட முடியாது, குளிர் வந்துவிட்டது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: ஏரி வேண்டாம். தண்ணீர் நுழையும் இடத்தில் மாட்டும் ரப்பர் மூடியைத் தோட்டக் குழாயோடு இணைத்து, நியூட்ரலில், குறைந்த வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். குழாயைத் திறந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே நீங்கள் போய்ச் சேருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும் சிரமம் தெரியாது. ஓடி முடித்ததும் மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, உள்ளிருக்கும் தண்ணீர் முழுவதும் வடியவிட வேண்டும், தேங்கினால் உறைந்து விரிசல் விழும். விற்பவர் இதையே தானாகச் செய்தால் மோட்டாரைப் பராமரிக்கத் தெரிந்தவர் என்று கொள்ளலாம். ஆனால் இப்படி ஓட்டுவதில் எஞ்சினுக்குச் சுமை இல்லை. ஏரியில் வேகமாகப் போகும்போது சூடாகுமா என்பது இதில் தெரியாது. அதனால் இம்பெல்லரும் தெர்மோஸ்டாட்டும் மாற்றும் செலவைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். குழாயில் ஓட்டிக் காட்டவும் மறுத்தால் வேறு மோட்டார் பாருங்கள், வசந்தத்தில் நிறைய வரும்.