சித்திக்காக நான் அலையலாம். கையெழுத்து யார் போடுவது?

கேள்வி: என் சித்திக்கு 67 வயது, பிள்ளைகள் இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தனியார் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அவர் பெயரில் இருக்கிறது. அக்கா மகனான என் பெயர் அதில் இல்லை. "நீங்கள் பெற்ற பிள்ளை இல்லை, அதிகாரப் பத்திரம் எழுதினால்தான் காப்பீடு கிடைக்கும், 5,000 ரூபாய் ஆகும்" என்கிறார் வாசலில் நிற்கும் ஒருவர். என்ன செய்வது?

பதில்: அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதிகாரப் பத்திரம் நிலத்தை விற்பதற்கு உதவும். இங்கே அதற்கு வேலையே இல்லை. இந்தத் திட்டத்தில் பணம் சித்தி கைக்கும் வராது, உங்கள் கைக்கும் வராது. மருத்துவமனை முன் அனுமதி கேட்கும், அனுமதி வந்ததும் சிகிச்சை நடக்கும், தொகை நேரே மருத்துவமனைக்குப் போகும். வாங்குவதற்குப் பணமே இல்லாதபோது அதை வாங்க அதிகாரம் எதற்கு?

மருத்துவமனைக்குள்ளேயே காப்பீட்டுத் திட்டக் கவுண்டர் இருக்கும். சித்தியின் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் மூன்றின் அசலோடு உங்கள் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். நோயாளியோடு இருக்கும் உறவினர் என்று சொன்னால் போதும். அட்டை தொலைந்திருந்தாலும் குடும்ப அட்டை எண்ணை வைத்துத் தேடி எடுக்கலாம். அந்தக் கவுண்டரை மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, வாசலில் தரகர்களை நிற்க விடுகிறார்களே, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. "இங்கே யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு பலகை எழுதி மாட்ட எத்தனை ஆண்டுகள் வேண்டும்? திட்டம் இந்தப் பெயரில் வந்தது 2012இல்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்த மருத்துவமனைக்கு இந்தத் திட்டத்தின் கீழ் எலும்பு அறுவை சிகிச்சை செய்ய அங்கீகாரம் இருக்கிறதா? இதய சிகிச்சைக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆள் சேர்க்கும் இடங்கள் உண்டு. "இப்போது கட்டுங்கள், பிறகு திரும்பக் கிடைக்கும்" என்றால் நம்பாதீர்கள். இது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் காப்பீடு அல்ல.

அன்பு மிகுதியால் சிலர், சித்தியை உங்கள் அட்டையில் "தாய்" என்று காட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். வளர்த்தவரே ஆனாலும் அது பொய்க் கணக்கு.

கையெழுத்து விஷயத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். காகிதங்களைக் கொடுப்பதற்கும் கவுண்டரில் நிற்பதற்கும் நீங்கள் போதும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தருவது வேறு. சித்தி நினைவோடு இருக்கிறார் என்றால் அந்தத் தாளில் அவர்தான் கையெழுத்திட வேண்டும். எழுத முடியாவிட்டால் சாட்சி வைத்துக் கைரேகை. அவர் நினைவிழந்தால் மட்டுமே நெருங்கிய உறவினராக நீங்கள் முன்வரலாம். எழுந்து நடக்க முடியாதவர் என்பதற்காக அவரைக் கேட்காமலேயே மருமகனிடமும் மகனிடமும் தாளை நீட்டும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் ஊறிப்போயிருக்கிறது. நீட்டினால் வாங்கிக்கொண்டுபோய், அவர் படுக்கையருகே உட்கார்ந்து, என்ன செய்யப்போகிறார்கள் என்று படித்துக்காட்டுங்கள்.

கவுண்டரில் ஆள் இல்லையா, முன்பணம் கேட்கிறார்களா? 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அந்த இடத்தில் நின்றபடியே, அவர்கள் காதில் விழும்படி அழையுங்கள். அந்த அழைப்பில் தரும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.