ஊர் ஊராகப் போய் விற்பவரிடம் எவ்வளவு வசூலிக்கலாம்?

கேள்வி: சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் எடுத்து மினி வேனில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக விற்கிறேன் சார். ஒரு நகராட்சியில் நாளுக்கு 30 ரூபாய் வாங்குகிறார்கள், பக்கத்து ஊரில் 100 கேட்கிறார்கள். கேட்டால் 'வெளியூர் வண்டிக்கு இதுதான் ரேட்' என்கிறார்கள். ரசீதில் தொகையே எழுதுவதில்லை. இதற்கு உச்சவரம்பு கிடையாதா?

பதில்: இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரே தொகை எதுவும் இல்லை. அதற்காக வசூலுக்கு வருபவர் வாயில் வந்ததெல்லாம் கட்டணம் ஆகிவிடாது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓரிடத்தில் கடை போட்டு விற்பவர் மட்டுமல்ல, உங்களைப் போல இடம்விட்டு இடம் போய் விற்பவரும் அதில் தெரு வியாபாரிதான். தெருவில் விற்க நகராட்சி கொடுக்கும் விற்பனைச் சான்றிதழ் வைத்திருப்பவர் கட்ட வேண்டிய கட்டணம், மாநில அரசின் திட்டத்தில் சொல்லியபடிதான் இருக்க வேண்டும் என்கிறது 8-வது பிரிவு. தமிழ்நாட்டில் இதற்கான விதிகளும் திட்டமும் 2015-ல் வந்துவிட்டன. ஆகவே 'எந்த உத்தரவுப்படி 100 ரூபாய்?' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொரு வரம்பு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக்கூடாது என்கிறது 265-வது பிரிவு. கட்டணம் என்ற பெயரில் வரியை வசூலிப்பதும் செல்லாது. சென்னை மாகாண அறநிலையச் சட்டம் பற்றிய சிரூர் மடம் வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை (கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும்) விளக்கி, அந்தச் சட்டப்படி மடங்களிடம் வாங்கிய தொகை உண்மையில் வரிதான் என்று சொல்லி அதை ரத்து செய்தது. பிறகு வந்த தீர்ப்புகள் கொஞ்சம் தளர்த்தின. லைசென்ஸ் கட்டணத்துக்கு ரூபாய்க்கு ரூபாய் சேவை காட்ட வேண்டியதில்லை, ஆனால் அளவுக்கு மீறியும் போகக்கூடாது என்பதுதான் இன்றைய நிலை.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நகராட்சி கொடுக்கும் சான்றிதழ் அந்த நகராட்சியின் எல்லைக்குள்தான் செல்லும், அடுத்த ஊரில் அதைக் காட்டிப் பயனில்லை. பிழைப்புக்கே ஊர் சுற்றுகிறவர்களை இந்தச் சட்டம் சரியாக நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அதனால் அடிக்கடி போகும் ஊர் எதுவோ அங்கே தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் சேர்த்து, நடமாடும் வியாபாரி என்று சான்றிதழ் வாங்கப் பாருங்கள். வேறு பிழைப்பு இல்லை என்று உறுதிமொழி தர வேண்டியிருக்கும், சொந்தக் கடை இருந்தால் கிடைக்காது. தெரு வியாபாரத்தைக் கவனிக்க இந்தச் சட்டப்படி அமைக்கும் அந்த ஊர் விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்பது சட்டம், அவர்களைப் பிடித்தால் வேலை சுலபம்.

வாரச்சந்தைக்குள் போய்க் கடை போட்டால் கதை வேறு. அங்கே சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், நகர்மன்றம் தீர்மானித்த ரேட் இருக்கும். ஆனால் குத்தகைக்காரருக்கு நகராட்சிக்கே இல்லாத அதிகாரம் வந்துவிடாது, சந்தைக்கு வெளியே தெருவில் நிற்கும் வண்டியை மறித்து வாங்க அவருக்கு உரிமை இல்லை.

தொகை எழுதாத ரசீதை வாங்காதீர்கள். தேதி, தொகை, வண்டி எண் மூன்றையும் உங்கள் கண்ணெதிரே எழுதச் சொல்லுங்கள், அப்புறம் போனில் படம் எடுத்து வையுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, வசூல் ரேட் தீர்மானத்தின் நகலையும் குத்தகை உத்தரவின் நகலையும் நகராட்சியில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாள் கையில் வந்தால், கூடுதலாக வாங்கியதைப் பற்றி ஆணையருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: இப்படியெல்லாம் கேட்டால் சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே?

பதில்: நியாயமான பயம்தான். ஆனால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, அதன்பிறகும் போகாதவரின் சரக்கைத்தான் நகராட்சி எடுக்கலாம், எடுத்ததற்குப் பட்டியல் போட்டு நகல் தர வேண்டும். நீங்கள் கேட்டதிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் போர்வையைத் திருப்பித் தர வேண்டும். காய்கறி, பழம் போல அழுகும் பொருளென்றால் அன்றைக்கே. பட்டியல் கொடுக்காமல் எடுத்துப் போனால் அங்கேயே வீடியோ எடுங்கள், பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.