நீலத் தடாகம், சிவந்த படம்

கேள்வி: 1960, 70களில் எடுத்த அமெரிக்க நீச்சல் தடாகப் படங்களை இணையத்தில் பார்த்தால் கண்ணை எடுக்க முடிவதில்லை. நீலத் தண்ணீர், சாய்கதிரை, கையில் குளிர்பானம். நான் வளர்ந்தது வன்னியில், குளித்தது இரணைமடு வாய்க்காலில். காணாத ஒன்றுக்கு ஏங்குவது அடிமைப் புத்தி என்கிறார் என் கணவர். சரியா?
- வாசகி ஒருவர், உருத்திரபுரம்

பதில்: உங்கள் கணவர் அவசரப்படுகிறார். அந்தப் படங்களை இன்னொரு தடவை பாருங்கள். ஒருவரிடமும் கட்டிய மூட்டை இல்லை. ஒருவரும் வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. மத்தியானம் முழுக்கச் சும்மா இருக்கிறார்கள், அதை ஒருவர் ஆற அமரப் படம் எடுக்கிறார். உங்களை இழுப்பது அந்தச் சும்மா இருத்தல்தான், தடாகம் அல்ல.

நீங்கள் பார்த்தவற்றில் ஸ்லிம் ஆரன்ஸ் எடுத்தவை கட்டாயம் இருக்கும். கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊரில், ரிச்சர்ட் நொய்ட்ரா வடிவமைத்த வீட்டின் தடாகக் கரையில் பெண்கள் இருவர் கதைத்துக்கொண்டிருக்கும் 1970ஆம் ஆண்டுப் படம் அவருடையது. அந்த மனுசன் இரண்டாம் உலகப் போரில் இராணுவப் படப்பிடிப்பாளராக இருந்து காயப்பட்டவர். போர் முடிந்தபின் கமராவைத் தூக்கிக்கொண்டு, வெயில் காயும் பணக்காரரைத் தேடிப் போய்விட்டார். ஏன் போனார் என்று வன்னிக்காரருக்கு நான் விளக்க வேண்டுமா?

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. அக்கால அமெரிக்கர் பலர் கொடாக்குரோம் பிலிமில் எடுத்தார்கள். இருட்டில் வைத்தால் பல பத்தாண்டுகளுக்கு அதன் நிறம் குலையாது. நம் ஸ்டுடியோக்களில் கழுவிய கலர்ப் படங்களிலோ நீலச்சாயம் முதலில் போய்விடும், வெக்கையில் இன்னும் கெதியாக. மிஞ்சுவது சிவப்பு. அவர்களுடைய பழைய காலம் நேற்றுப் போலவும் நம்முடையது செங்கல் சூளை போலவும் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, உங்கள் கணவருக்கும் ஒரு புள்ளி கொடுக்கிறேன். அதே காலத்துத் தடாகப் படம் இன்னொன்றும் உண்டு. 1964 ஜூன் 18, புளோரிடாவின் சென்ட் ஓகஸ்ரின் நகரம். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த விடுதித் தடாகத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்குகிறார்கள். முகாமையாளர் கரையில் நின்று தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்றுகிறார். அந்தப் படத்தை ஒருவரும் 'அழகிய பழைய நாட்கள்' என்று பகிர்வதில்லை. நம் பக்கத்தில் அதிகம் படம் எடுக்கப்பட்ட தடாகமும் அப்படித்தான். புதுக்குடியிருப்புப் பக்கம் கடற்புலிகள் பயிற்சி எடுத்த அந்த ஆழமான தடாகத்தின் முன், போர் முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். அவற்றைப் பார்த்து எனக்கு ஒரு ஏக்கமும் வரவில்லை.

வருவது வேறொரு படத்தைப் பார்த்தால். வாய்க்கால் கட்டில் உழவு மெசின் ரியூப்போடு நாலு பொடியள், ஐந்தாவது ஆள், என் மச்சான், அந்தரத்தில். துருசு திறந்து தண்ணீர் விட்ட காலம். எடுத்தவருக்குக் கை ஆடியிருக்கிறது, மச்சானுக்குத் தலை இல்லை. எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. இது தப்பியது காணி உறுதிக்குள் செருகிக் கிடந்ததால். சொப்பிங் பையில் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வந்தபோது அதுவும் கூடவே வந்தது, ஈரத்தில் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப்போய். தண்ணீர் இப்போது தேத்தண்ணி நிறம். ஆனாலும் பாம் ஸ்பிரிங்ஸ் முழுவதையும் தந்தாலும் மாற்ற மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் கண்ணாடியோடோ உறையோடோ ஒட்டிய படம் இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள், நிறம் முழுக்க உறையோடு வந்துவிடும். அப்படியே ஸ்கான் செய்து அனுப்புங்கள். உங்கள் கணவர் வாய்க்காலுக்குள் குதிக்கும் படம் கிடைத்தால், அடுத்த இதழில் அதற்குத்தான் முதல் இடம்.