தொள்ளாயிரம் நண்பர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இல்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செல்போனைப் பற்றியவை. கணவரின் போன், அப்பாவின் போன், மகளின் போன் என்று அடுத்தவர் போனைப் பற்றிய புகார்கள்தான் அதிகம். தன் போனைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். நீளமான கடிதங்களை வெட்டிச் சுருக்கியிருக்கிறேன்.

என் போன் தினமும் நாலரை மணி நேரம் என்று கணக்குக் காட்டுகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு பார்த்தால் சரி?

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரைபோல அளவு சொல்ல முடிந்தால் எனக்கும் வேலை மிச்சம். அப்படி ஒரு கணக்கு இல்லை. 2019இல் ஆமி ஓர்பென், ஆண்ட்ரூ பிரிஸிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சம் பதின்பருவத்தினரின் தகவல்களை அலசினார்கள். ஒருவர் நன்றாக இருப்பதற்கும் இன்னொருவர் வாடியிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் திரை நேரத்தின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று வந்தது. இதற்கு ஒரு வருடம் முன்பு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் தினம் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணிக்கணக்கு, உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. தூரத்தில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் சிரித்துப் பேசிய ஒரு மணி நேரமும், முன்பின் தெரியாதவர்களின் சண்டையைப் படித்த ஒரு மணி நேரமும் உங்கள் போனுக்கு ஒன்றுதான். அதனால் நான் கேட்பது வேறு: அந்த நாலரை மணி நேரம் எதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது? பேருந்துக்குக் காத்திருந்த நேரத்திலா, தூக்கத்திலா, மகனோடு பேசிக்கொண்டிருந்த அரை மணியிலா? ஒரு வாரம் மட்டும், போனை எடுத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குறித்துவையுங்கள். அந்தப் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், குறைக்க வேண்டிய இடம் அதுதான்.

என் கணவர் நல்லவர். ஒரே குறை, நான் பேச ஆரம்பித்தால் கண் போனில் இருக்கும். “சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பார். கோபப்பட்டால், “நீ மட்டும் பாக்கறதில்லையா?” என்கிறார்.

இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். போன் என்ற சொல்லையும், அலட்சியப்படுத்துவதைக் குறிக்கும் ஸ்னப்பிங் என்ற சொல்லையும் ஒட்டவைத்து ‘ஃபப்பிங்’ என்ற வார்த்தையை 2012இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். சொல் இல்லாமலே அனுபவித்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவர்.

அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தைக் கேட்டால் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லவும் சொல்வார். ஆனால் பேசுகிறவர் காதை நம்பிப் பேசுவதில்லை, முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். எதிரில் ஒரு புருவம் உயர்ந்தால் அந்த இடத்தைக் கொஞ்சம் விரிக்கிறோம், முகம் வாடினால் நிறுத்திக் கேட்கிறோம். முகம் காணாமல் போனால் கதை தானாகச் சுருங்கும். முதலில் சின்னச் சின்ன விவரங்களை விட்டுவிடுவோம், அப்புறம் ‘சரி, ஒண்ணுமில்ல’ என்போம், அப்புறம் ஆரம்பிக்கவே மாட்டோம். என்னிடம் ஆலோசனைக்கு வரும் தம்பதிகளில் பலர் மூன்றாவது கட்டத்தில்தான் வருகிறார்கள். அதுவரை ‘எங்களுக்குள் சண்டையே கிடையாது’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் செய்தித்தாள் படித்தால் என்ன படிக்கிறார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். போனில் அது தெரியாது. ஆபீஸ் மெயிலா, வங்கிக் கணக்கா, யாரோ அனுப்பிய ஜோக்கா? தெரியாதபோது மனம் மோசமானதைத்தான் நினைக்கும். அதனால் “ஆபீஸ் மெயில், ரெண்டு நிமிஷம்” என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். பாதிக் கசப்பு அதிலேயே போய்விடும்.

அவருடைய மன உறுதியை நம்பி உட்கார வேண்டாம். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்துக்கு அது கிடையாது. 2006இல் அந்த ‘முடிவில்லாத ஸ்க்ரோல்’ முறையை வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்தியதாகப் பொதுவெளியிலேயே சொன்னார். செய்தவரே வருந்துகிற பொறியில் உங்கள் கணவர் சிக்கியதில் ஆச்சரியம் இல்லை. சார்ஜரை வேறு அறைக்கு மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் இருபது நிமிடம் இரண்டு போன்களும் அங்கேயே இருக்கட்டும். “எப்பப் பாத்தாலும் போன்” என்று ஆரம்பிக்காமல், “ஒரு விஷயம் சொல்லணும், பத்து நிமிஷம் வேணும்” என்று ஆரம்பியுங்கள். முதலாவது குற்றச்சாட்டு. இரண்டாவதற்கு எவ்வளவு நேரம் என்று தெரிவதால் ஒப்புக்கொள்வது எளிது.

‘நீ மட்டும்’ என்று அவர் கேட்பதிலும் அநேகமாக நியாயம் இருக்கும். என் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் என் மகள் அறை வாசலில் நின்றுகொண்டு எனக்கு வாட்ஸ்அப்பில் ‘உள்ளே வரலாமா?’ என்று அனுப்பினாள். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாளாம். அப்போது நான் ஒரு குரூப்பில், பிள்ளைகள் பேசும்போது காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஃபேஸ்புக்கில் எனக்கு 900 நண்பர்கள். போன மாதம் ஒரு சின்ன ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தால் ஒரு பெயரும் தோன்றவில்லை. வீடு திரும்பிப் படம் போட்டதும் 140 பேர் ‘சீக்கிரம் குணமடையுங்கள்’ என்றார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வயது 41.

ராபின் டன்பார் என்ற மானிடவியலாளர் 1990களிலிருந்து சொல்லிவரும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மனிதர் உண்மையில் பராமரிக்கக்கூடிய உறவுகள் சுமார் 150. அதற்குள்ளே வட்டத்துக்குள் வட்டமாக 50 பேர், 15 பேர், நடுவில் 5 பேர். இந்த எண்களை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் உள்வட்டம் சிறியது என்பதற்கு ஆய்வு எதற்கு, உங்கள் கடைசிப் பத்து போன் அழைப்புகளைப் பார்த்தாலே போதும்.

அந்த 140 பேர் நடிக்கவில்லை. வெளிவட்டத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். வெளிவட்டமும் வீண் இல்லை. வேலை வாய்ப்பு போன்ற தகவல்கள் நெருங்கியவர்களைவிட, சும்மா அறிமுகமானவர்கள் வழியாகத்தான் பெரும்பாலும் வருகின்றன என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே எழுதினார். ஆகவே 900 பேரையும் நீக்கிவிட்டு வீரம் காட்ட வேண்டாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது மட்டும் உள்வட்டத்தின் வேலை. உங்களுக்கு அங்கேதான் ஆள் குறைந்திருக்கிறது.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு இது: அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஹாஸ்டலும் இந்த மணி நேரங்களை நமக்கு இலவசமாகக் கொடுத்தன, நாம் கேட்கக்கூட இல்லை. 41 வயதில் யாரும் கொடுக்க மாட்டார்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரைச் சந்தித்தால், 200ஐத் தொட இரண்டு வருடம் ஆகும். லைக் போட்டு அந்தக் கணக்கை ஏற்ற முடியாது.

மலைக்க வேண்டாம், பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அந்த 140 பேரில், முன்பே நூறு மணி நேரம் சேர்த்துவைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் நிச்சயம் இருப்பார்கள். பழைய அறைத்தோழர், முந்தைய ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரர். அவர்களில் ஒருவரோடு வாரத்தில் ஒரு நாள், ஒரு வேலை என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சியாக இருந்தாலும் போதும். ‘ஒருநாள் பாக்கலாம்’ என்பது நடக்காது. ‘சனிக்கிழமை காலை ஆறு மணி’ நடக்கும்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். யாருமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாரையும் கேட்டுப் பார்த்ததாக எழுதவில்லை. ‘தொந்தரவு எதற்கு’ என்று நாம் நாசூக்காக விலகுவது, எதிரில் இருப்பவருக்கு ‘என்னை அவ்வளவு நெருக்கமாக நினைக்கவில்லை’ என்றுதான் போய்ச் சேரும். அடுத்த முறை சின்னதாக ஏதாவது உதவி கேளுங்கள், ஆபரேஷன் வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது, பதில் இல்லை. என் தோழி என்னை ஒதுக்குகிறாளா?

2014இல் வாட்ஸ்அப் இந்த நீல டிக்கைக் கொண்டுவந்ததிலிருந்து எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறதோ! செய்தி திறக்கப்பட்டது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது திறந்தாரா, அழுதுகொண்டிருக்கும்போது திறந்தாரா என்று அதற்குத் தெரியாது. கூப்பிட்டுக் கேளுங்கள். செட்டிங்ஸில் அதை அணைத்தும் வைக்கலாம். அணைத்தால் மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாமல் போகும். உங்களுக்கு வேண்டிய மருந்தே அதுதான்.

ஆறு மாதமாக எல்லாச் சமூக ஊடகத்தையும் விட்டுவிட்டேன். நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நெருங்கிய தோழியின் அப்பா இறந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லோரும் குரூப்பில் பார்த்தார்களாம்.

2018இல் அமெரிக்காவில் சிலருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கிவைக்கச் சொன்னார்கள். தினம் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, நாட்டுநடப்பு பற்றிய அறிவு குறைந்தது. உங்களுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுவே. மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் போனது, இன்னொரு பகுதி தனியாக உட்கார்ந்து டிவி பார்ப்பதில் போனது. காலியான நேரம் தானாகத் தோழி வீட்டுக்கு நடந்துபோகாது.

திரும்பச் சேர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நாலைந்து பேரிடம் மட்டும், “நான் குரூப்பில் இல்லை, முக்கியமானது என்றால் ஒரு போன் பண்ணு” என்று சொல்லிவையுங்கள். பதிலுக்கு நீங்களும் மாதம் ஒருமுறையாவது கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது அவர்கள் தலையில் ஏற்றிய வேலையாகிவிடும்.

தோழியைப் பார்க்கப் போனீர்களா என்று எழுதவில்லை. இன்னும் போகவில்லை என்றால் உடனே போங்கள். முதல் வாரத்தில் வந்த கூட்டம் இப்போது கலைந்திருக்கும். வீடு வெறிச்சென்று ஆகியிருக்கும் இந்த நேரத்தில் வருபவர்தான் நினைவில் நிற்பார்.

68 வயது அப்பா தினமும் இருபது பேருக்குக் ‘காலை வணக்கம்’ படம் அனுப்புகிறார். கண்டிக்கலாமா?

வேண்டாம். அது அவருடைய வருகைப் பதிவு. ‘நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாயா?’ என்று கேட்கிறார். பணம் கேட்கும் லிங்க்குகளைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். படம் வந்ததும் இரண்டு நிமிடம் கூப்பிட்டுப் பேசினால் இன்னும் நல்லது.

எனக்கு 26 வயது, வெளியே நடமாட முடியாது. நண்பர்கள் எல்லோரும் இணையத்தில்தான். அம்மா, “அதெல்லாம் நிஜ நட்பா?” என்கிறார்.

நிஜம்தான். இரண்டு நாள் நீங்கள் காணாமல் போனால் தேடுகிறார்களா? உங்கள் மோசமான நாளை அவர்களிடம் மறைக்காமல் சொல்ல முடிகிறதா? ஆம் என்றால் அம்மாவின் கேள்விக்கு அதுவே பதில். பலருக்கு போன் மனிதர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கு அது மனிதர்களைக் கொண்டுவருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஒரு யோசனை மட்டும். டைப் செய்வதோடு நிறுத்தாமல் குரலிலும் பேசுங்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பதற்றமான வேலையை முடித்த சிறுமிகளை அவர்களுடைய அம்மாவோடு தொடர்புகொள்ளச் சொன்னார்கள். நேரில் பேசியவர்களுக்கும் போனில் பேசியவர்களுக்கும் அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இறங்கியது, நெருக்கத்தோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஏறியது. டைப் செய்து பேசியவர்களின் உடலில் அந்த ஆறுதல் தெரியவில்லை. அதே அம்மா, அதே ஆறுதல் வார்த்தைகள், குரல் மட்டும்தான் இல்லை.

அம்மா அப்படிக் கேட்பதற்குப் பின்னால், ‘நான் இல்லாதபோது நீ விழுந்தால் யார் தூக்குவார்கள்?’ என்ற கேள்வி இருக்கலாம். அது நியாயமான பயம். கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஒருவரை அக்கம்பக்கத்தில் பிடித்துவைத்தால் அம்மாவின் பயம் கொஞ்சம் அடங்கும்.

14 வயது மகளின் போனைப் பிடுங்கிவிடலாமா?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பிள்ளைகளையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை, நிறுவனங்களைத்தான் பொறுப்பாக்குகிறது. வீட்டில் திடீரென்று பிடுங்கினால் தண்டனை முழுவதும் அவளுக்கு. அவளுடைய தோழிகள் அதற்குள்தான் இருக்கிறார்கள். முதலில் அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், சத்தம் போட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவில் எல்லோருடைய போனும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். எல்லோருடைய என்றால் உங்களுடையதும்தான்.

பதினைந்து வருடமாகப் பேசாத நண்பன். அவன் போடும் எல்லாப் படங்களுக்கும் லைக் போடுகிறேன். போன் பண்ணக் கூச்சமாக இருக்கிறது. என்ன பேசுவது?

லைக் பொத்தானை ஃபேஸ்புக் 2009இல் வைத்தது. ஏறக்குறைய அன்றிலிருந்தே நீங்கள் அவரோடு ‘தொடர்பில்’ இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விட்டுப்போன உறுத்தலே வராதபடி அது பார்த்துக்கொள்கிறது.

கூச்சம் உங்களுக்கு மட்டும் இல்லை. அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரை போனிலோ மின்னஞ்சலிலோ தொடர்புகொள்ளச் சொன்னார்கள். போன் என்றால் சங்கடமாக இருக்கும் என்று கலந்துகொண்டவர்கள் எதிர்பார்த்தார்கள். பேசி முடித்தவர்களுக்கு நெருக்கம் கூடியிருந்தது, சங்கடம் மின்னஞ்சலைவிடக் கூடுதலாக இல்லை.

பதினைந்து வருடத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள், அவரும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அத்தனை படங்களைப் பார்த்திருக்கிறீர்களே, அதில் ஒன்றைப் பிடியுங்கள். “அந்த நாய்க்குட்டி எப்ப வந்துச்சு? நீதான் நாயைக் கண்டா ஓடுவியே?” போதும். அவர் எடுக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம், தெரியாத எண் என்று விட்டிருப்பார். பெயரைச் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். அன்றைக்கு மட்டும் போனை வேறு அறையில் வைக்காதீர்கள்.