குமுளி ஹோம்ஸ்டே சைட்: முன்பணமும் ஜிஎஸ்டி பில்லும்

தம்பி, கம்பத்தில் இருந்துகொண்டு கேரளத்துக் குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேக்கு 5 பக்க வெப்சைட் செய்கிறீர்கள், கூலி 15,000 ரூபாய். முதலாளி "சைட் ஓடட்டும், அப்புறம் காசு" என்கிறார், ஜிஎஸ்டி பில்லும் கேட்கிறார். இதுதானே சிக்கல்?

கேரளம் வெளிமாநிலம், அதனால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த மாதிரி சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை, வெளிமாநில வாடிக்கையாளர் என்றாலும் பதிவு வேண்டாம். 2017 முதலே விலக்கு இருக்கிறது. சாதா பில் போதும்: எண், தேதி, பான், வேலை விவரம், தொகை. பதிவு இல்லாமல் பில்லில் வரி சேர்த்து வாங்கினால்தான் வம்பு.

காசு விஷயத்தில் இளகாதீர்கள். முன்பணம் 7,500 வந்த பிறகே கை வையுங்கள். வேலையை உங்கள் சொந்த சப்டொமைனில் (உங்கள் வெப் முகவரியின் கீழ் ஒரு கிளை முகவரி), கூகுளில் வராதபடி நோஇண்டெக்ஸ் போட்டுக் காட்டுங்கள். டிசைனுக்குச் சரி சொன்னதும் 4,500, அவர் டொமைனுக்கு (அவருடைய வெப் முகவரிக்கு) மாற்றும் முன் மீதி 3,000. திருத்தம் இரண்டு சுற்று மட்டும் என்று வாட்ஸப்பில் எழுதி, அவர் "ஓகே" போட்ட பிறகே தொடங்குங்கள். இல்லையென்றால் தினமும் ஒரு போட்டோ மாறும்!

டொமைனை அவர் பெயரில், அவர் மெயிலில், அவர் காசில் வாங்குங்கள். உங்கள் பெயரில் இருந்தால் ரெனியூவல் தவறும்போது பழி உங்கள் தலையில்.

மலையாளப் பக்கம் உண்டென்றால் லைன் ஹைட்டை (எழுத்தளவோடு ஒப்பிட்ட வரி உயரம்) 1.6க்குக் கீழே குறைக்காதீர்கள், கூட்டெழுத்தின் அடிப்பாகம் அடுத்த வரியில் இடிக்கும்.