வத்தலக்குண்டு அட்டை, பண்ணைக்காட்டு ஓட்டு

கேள்வி: கல்யாணமாகி பண்ணைக்காடு வந்து இரண்டு வருஷம். வாக்காளர் அட்டை இன்னும் வத்தலக்குண்டு முகவரியில்தான். பேரூராட்சித் தேர்தலில் இங்கே ஓட்டுப் போட முடியுமா? வாடகை வீடு, என் பெயரில் கரண்ட் பில்கூட இல்லை.

பதில்: தாராளமாக. ஆனால் பேரூராட்சிக்கென்று தனியாக விண்ணப்பம் தேடி அலையாதீர்கள், சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் வார்டு பட்டியல் தயாராகிறது, அதனால் அதில் உங்கள் பெயர் பழனி தொகுதிக்கு மாறினாலே பாதி வேலை முடிந்தது. அதற்குப் படிவம் 8. பலர் செய்யும் தப்பு, புதிதாகச் சேர்பவர்களுக்கான படிவம் 6-ஐக் கொடுத்துவிடுவது. அப்புறம் இரண்டு ஊரிலும் பெயர் இருக்கும், அது சட்டப்படி கூடாது.

முகவரிக்கு ஆதாரிலோ வங்கி பாஸ்புக்கிலோ பண்ணைக்காடு என்று மாற்றியிருந்தால் போதும். கணவர் அதே முகவரியில் வாக்காளராக இருந்தால், கரண்ட் பில் அவர் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், மலையில் சிக்னல் கிடைத்தால் ஆன்லைனிலும் போடலாம். சந்தேகமா, 1950-க்குப் போன் செய்யுங்கள்.

தேர்தல் அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், வீட்டுக்கு வந்து விசாரிக்கவே நாளாகும். இன்னொன்று, பேரூராட்சியில் உங்களுக்கு ஒரே ஓட்டு, வார்டு உறுப்பினருக்கு மட்டும். 2022-ல் நடந்த மாதிரி, தலைவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள்.